உஷார்! ‘அக்கவுண்ட் சும்மாதானே கிடக்கு?’ என்று கேட்டு வருகிறார்கள்

முதல் சம்பளத்துக்காகக் காத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவர்களே, இதைப் படித்துவிட்டு உங்கள் பி.ஜி. அறையில் இருப்பவர்களிடமும் இன்றைக்கே சொல்லுங்கள். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்றெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்குப் பழகிவிட்டது. அதெல்லாம் உங்கள் பணத்தைத் திருட வருகிறவர்களைப் பற்றியது. கணக்கில் நூறு ரூபாய்கூட இல்லாத பிள்ளைகளைத் தேடித்தேடி வருகிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது உங்கள் பெயர். உங்கள் பெயரில், உங்கள் ஆதாரிலும் பான் அட்டையிலும் திறந்த ஒரு வங்கிக் கணக்கு.

“மச்சி, காலேஜ்ல திறந்த அந்த அக்கவுண்ட் சும்மாதானே கிடக்கு? எனக்குத் தெரிஞ்ச கம்பெனி ஒண்ணு. டாக்ஸ் பிரச்சினை, அவங்க அக்கவுண்ட்ல பணம் வாங்க முடியல. ரெண்டு மாசத்துக்குக் குடு, மாசம் அஞ்சாயிரம் வாங்கித் தர்றேன். உன் காசு ஒரு ரூபா போகாது.”

கேட்கிறவர் முகம் தெரியாத ஆளாக இருப்பது குறைவு. கல்லூரி சீனியர், ஜிம்மில் பழகியவர், ஊர்க்கார அண்ணன். ஒரு கணக்கு பிடித்துக் கொடுத்தால் இவ்வளவு என்று அவருக்கும் கமிஷன் உண்டு. அவருக்கு மேலே யார் என்பது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். டெலிகிராம் குழுக்களில் இதை விளம்பரமாகவே போடுகிறார்கள். பாஸ்புக், செக் புக், ஏ.டி.எம். கார்டு, அந்தக் கணக்கோடு இணைத்த சிம், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்பார்கள். ‘கிட்’ என்று அதற்குப் பெயர். கொஞ்சம் விவரமானவர்கள் சேமிப்புக் கணக்கோடு நிற்பதில்லை. உங்கள் பெயரில் ஒரு நிறுவனத்தை அரசின் சிறுதொழில் பதிவுத் தளமான உத்யமில் பதிந்து, அதற்கு கரண்ட் அக்கவுண்ட் திறக்கச் சொல்வார்கள். கரண்ட் அக்கவுண்ட்டில் பெரிய தொகை வந்து போனாலும் சட்டென்று சந்தேகம் வராது என்பதுதான் கணக்கு.

“உன் காசு போகாது” என்பது உண்மைதான். போவது வேறு யாருடைய காசோ.

கோவையில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கு வீடியோ அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் உடையில் ஒருவன். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்களை ‘டிஜிட்டல் கைது’ செய்திருக்கிறோம், விசாரணை முடியும்வரை பணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள் என்கிறான். அந்த அம்மா நடுங்கிப்போய் ஓய்வூதியப் பணம் பத்து லட்சத்தை அனுப்பிவிடுகிறார். அனுப்பிய அந்தக் கணக்கு உங்களுடையது. அடுத்த சில நிமிடங்களில் பணம் நாலைந்து கணக்குகளாகப் பிரிந்து, அங்கிருந்து இன்னும் பத்தாகப் பிரிந்து, ஏ.டி.எம்.களில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடும். அழைத்தவன் கம்போடியாவிலோ மியான்மரிலோ லாவோஸிலோ ஒரு முகாமில் உட்கார்ந்திருக்கக்கூடும். வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளையும் அங்கே அடைத்து வைத்து இந்த வேலையைச் செய்ய வைத்ததையும், அவர்கள் மீட்கப்பட்டு வந்ததையும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

ஏமாந்த ஆசிரியை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்ததும் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே போவார்கள். அந்தத் தடத்தில் முதலில் வரும் பெயர் உங்களுடையது. புகைப்படம், ஆதார், அம்மா அப்பா இருக்கும் வீட்டு முகவரி எல்லாம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது. இந்த மொத்தக் கூட்டத்திலும் உண்மையான முகவரியோடு அகப்படும் ஒரே ஆள் நீங்கள்தான். உங்களைத் தேடி வந்ததே அதற்காகத்தான்.

இப்படி வாடகைக்கு விடும் கணக்கை ‘மியூல் அக்கவுண்ட்’ என்று போலீஸார் சொல்கிறார்கள். தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு ‘திரைநீக்கு’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் நடத்திய நடவடிக்கையில் 76 பேரும், 2025 ஜூனில் நடத்திய இரண்டாவது சுற்றில் 136 பேரும் கைதானார்கள். அதே 2025 ஜூனில் சி.பி.ஐ. பல மாநிலங்களில் சோதனை நடத்தியபோது வெளிவந்த எண்ணிக்கை இன்னும் பயங்கரம். 700க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் சுமார் 8.5 லட்சம் மியூல் கணக்குகள். இவற்றைக் கண்டுபிடிப்பதற்கென்றே ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ‘மியூல்ஹண்டர்’ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று உங்கள் சீனியர் சொன்னால் நம்பாதீர்கள்.

வங்கிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை லட்சம் கணக்குகள் ஒருவர் கண்ணிலும் படாமல் முளைக்குமா? இந்த மாதம் இத்தனை கணக்கு திறக்க வேண்டும் என்று ஊழியர்களின் கழுத்தில் கத்தி வைத்தால், வந்தவர் யார், எதற்குத் திறக்கிறார் என்று எவர் கேட்பார்? பத்தொன்பது வயதுப் பையன் பெயரில் இருக்கும் ‘வணிக நிறுவனத்தில்’ ஒரே நாளில் லட்சக்கணக்கில் பணம் ஓடும்போது கேள்வி கேட்க வேண்டியவர்கள் கிளையில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும். ஆனால் அவர்கள் கேட்கும்வரை சிறைக்குப் போவது நீங்கள்.

தண்டனை எவ்வளவு என்று கேட்பீர்கள். ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இன் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை. ஆள்மாறாட்டம் செய்து கணினிவழி ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு கடுங்காவல். தெரியாமல் கொடுத்தேன் என்பதை நீங்கள்தான் வக்கீல் வைத்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். வாடகை என்று பணம் வாங்கியிருந்தால் அந்த விளக்கம் எவ்வளவு தூரம் எடுபடும் என்று யோசியுங்கள்.

தீர்ப்புக்கு முன்பே வாழ்க்கை நின்றுவிடும், அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. கணக்கு முடக்கப்படும். சம்பளமும் அதே கணக்கில் வருகிறதென்றால் வாடகை, சாப்பாடு, வண்டி இ.எம்.ஐ. எல்லாம் அந்த நிமிடமே நிற்கும். ஒரே கணக்கில் பல மாநிலத்தவர் பணம் வந்து போயிருந்தால் ஐதராபாத்தில் ஒரு வழக்கு, ஜெய்ப்பூரில் ஒரு வழக்கு என்று வரும். மொழி தெரியாத ஊரின் காவல் நிலையத்தில் போய் நிற்க, கூட வரும் அப்பாவுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அந்த வழக்கு எழுந்து நிற்கும். மாதம் ஐயாயிரத்துக்கு இத்தனையுமா?

கணக்கைக் கொடுக்காமலேயே மாட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஏ.டி.எம். வாசலில் ஒருவர் வருவார். “தம்பி, கார்டு வேலை செய்யல, ஆஸ்பத்திரிக்கு அவசரம். உங்களுக்கு ஜிபே பண்றேன், கேஷா குடுங்க” என்பார். நீங்கள் இரக்கப்பட்டு எடுத்துக் கொடுப்பீர்கள். உங்களுக்கு வந்தது திருட்டுப் பணமாக இருந்தால் அதை ரொக்கமாக மாற்றிக் கொடுத்தவர் நீங்கள். ஏ.டி.எம். கேமராவில் இருப்பதும் உங்கள் முகம்தான். மனசு கேட்கவில்லை என்றால் அவரோடு மருத்துவமனைக்குப் போய் அங்கேயே உங்கள் பணத்தைக் கட்டுங்கள். ரொக்கம் மாற்றித் தராதீர்கள்.

இன்னொன்று, ‘தவறுதலாக வந்த பணம்’. உங்கள் கணக்கில் திடீரென்று இருபதாயிரம் விழும். உடனே ஒருவர் அழுதுகொண்டே போன் செய்து, இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்பார். நல்ல பிள்ளைகள் அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், வங்கிக் கிளைக்கு எழுதிக் கொடுத்து, வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். வேறு எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வீட்டிலிருந்தே வேலை, எங்கள் வாடிக்கையாளர் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கி எங்களுக்கு அனுப்பினால் இரண்டு சதவீதம் கமிஷன் என்று வரும் ‘பேமெண்ட் ஏஜென்ட்’ வேலையும் இதேதான். கிரிப்டோவை முகம் தெரியாதவருக்கு நேரடியாக விற்று அவர் அனுப்பும் பணத்தை வாங்குவதும் இதே குழியில் கொண்டுபோய்த் தள்ளும்.

பெயரைக் கொடுப்பது வங்கிக் கணக்கோடு முடிவதும் இல்லை. நண்பனுக்காக உங்கள் பெயரில் இ.எம்.ஐ.யில் வாங்கிய போனுக்கு அவன் தவணை கட்டாவிட்டால் கிரெடிட் ஸ்கோர் விழுவது உங்களுக்கு. நாளை அம்மாவின் சிகிச்சைக்குக் கடன் கேட்கும்போதுதான் அது தெரியவரும். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது வெறும் சாட்சிக் கையெழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பை ஜாமீன்தாரருக்கும் வைக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் அதில் தெரியும். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். உங்களுடையதல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எழுந்திருங்கள். வாங்கியவரிடம் போய் கார்டைத் திருப்பிக் கொடு என்று கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்கள் மிரட்டுவார்கள், நேரம் கடத்துவார்கள். வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள். கார்டு, யு.பி.ஐ., நெட் பேங்கிங் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்குங்கள். சிம்மை முடக்குங்கள். பேசிய வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடல் எதையும் பயத்தில் அழிக்காதீர்கள். உங்களை இதில் இழுத்துவிட்டது யார் என்பதற்கு அதுதான் சாட்சி. ஒவ்வொரு மாவட்டத்திலும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டு, போலீஸ் தேடி வருவதற்கு முன் நீங்களாகவே அங்கே போவது நல்லது. கணக்கு முடங்கிவிட்டதென்றால், எந்தப் புகார் எண்ணில், எந்தக் காவல் நிலையம் கேட்டு முடக்கினீர்கள் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். நோட்டீஸ் வந்தால் அந்தக் காவல் நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து உண்மையா என்று உறுதி செய்யுங்கள். உண்மை என்றால் ஒளியாதீர்கள். பணம் கொடுத்தால் வழக்கை முடித்துத் தருகிறேன் என்று இடையில் வருகிறவரிடம் மறுபடி ஏமாறாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வந்து “அப்பா, ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று ஆரம்பித்தால் முதல் ஐந்து நிமிடம் திட்டாமல் கேளுங்கள். வீட்டில் சொல்லப் பயந்தே பல நாட்களை வீணாக்கிவிடுகிறார்கள். அந்த நாட்களில் அந்தக் கணக்கு வழியாக இன்னும் எத்தனை குடும்பங்களின் பணம் போகும்!

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். போகும்போது வங்கிக் கணக்கு அறிக்கை, வங்கியில் கொடுத்த கடிதத்தின் நகல், நோட்டீஸ், உரையாடல்களின் பிரதி எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.