தாயக்கட்டை கற்பிக்கும் கணிதம்

ஊரைப் பிரிந்து வந்த நம் குடும்பங்கள் பலவற்றில், பழைய பெட்டியின் மூலையில் பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு இன்றும் கிடக்கக் காணலாம். நம் பிள்ளைகள் பள்ளியில் ‘ப்ராபபிலிடி’ என்று படித்து மயங்கும் பாடத்தைத் தமிழில் நிகழ்தகவு என்போம். அதனைக் கற்பிக்க அக்கட்டைகளினும் நல்ல ஆசான் கிடைப்பது அரிது.

ஒவ்வொரு கட்டைக்கும் நீண்ட பக்கங்கள் நான்கு. மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும், நான்காவது வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 வகையில் விழலாம். காய் இறங்குவதற்குத் தாயம், அதாவது ஒன்று, விழவேண்டும். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையுமாக அஃது இரண்டே வகையில் அமையும். ஆகவே, கட்டைகள் கோணலின்றி ஒத்திருப்பின், தாயத்தின் நிகழ்தகவு 2/16, சுருக்கினால் 1/8. மூன்று என்பதோ நான்கு வகையில் விழும். வேண்டாத மூன்று அடிக்கடி வருவதும், வேண்டிய தாயம் ஏங்க வைப்பதும் இதனாலேயே.

பிள்ளைகள் 160 முறை உருட்டிக் குறித்துப் பார்க்கட்டும். தாயம் 20 முறையளவில் விழும். 16 அல்லது 24 ஆயினும் வியப்பில்லை. முயற்சிகள் பெருகப் பெருக விகிதம் கணக்கை நெருங்கும். தென்னாப்பிரிக்காவில் கணிதம் கற்பித்த ஜான் கெரிச் என்பவர், 1940-இல் டென்மார்க் சென்றிருந்தபோது ஜெர்மானியப் படையெடுப்பில் அகப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அங்கே அவர் நாணயத்தை 10,000 முறை சுண்டினார். தலை விழுந்தது 5,067 முறை.

பத்து முறை உருட்டியும் தாயம் விழாவிடில், “இனி விழுந்தே தீரும்” என்கிறோம். பதினோராம் முறையும் அதே 1/8 தான். முன்பு விழுந்ததைக் கட்டை நினைவில் வைப்பதில்லை.

இப்பிழை ஆட்டத்தோடு நின்றால் கேடில்லை. “மூன்றும் பெண், அடுத்தது ஆண்தான்” என்று ஒரு மருமகளிடம் நாம் சொல்லும்போது, அதே பிழையை ஓர் உயிரின் மேல் சுமத்துகிறோம். பிறப்பில் ஆண் சற்றே மிகுதியெனினும், வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதியே. இதனையும் வீட்டிலேயே சோதிக்கலாம். தலையை ஆண் என்றும் பூவைப் பெண் என்றும் கொண்டு, மூன்று முறை சுண்டுவதை ஒரு குடும்பமாகக் கருதுக. இவ்வாறு ஒன்றை மற்றொன்றின் பதிலியாக வைத்துச் சோதிப்பதையே பள்ளியில் ‘சிமுலேஷன்’ என்கின்றனர். 320 குடும்பங்களில் மூன்றும் பூவாக வருவன 40 அளவில் இருக்கும். அவற்றுக்கு மட்டும் நான்காம் முறை சுண்டுக: தலையும் பூவும் ஏறக்குறைய இருபது இருபதாகவே பிரியும். நாணயம் யாருக்கும் கடன்பட்டதன்று.

மேலும், குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணுவே என்பது விஞ்ஞானம் நிறுவிய உண்மை. அதற்காகத் தாயைப் பழிப்பது அறியாமை; பெண் மகவைக் குறையென எண்ணுவதோ அதனினும் பெரிய அறியாமை.

எனவே, வரும் ஞாயிறு மாலை பெட்டியைத் திறந்து கட்டைகளை எடுப்போம். பிள்ளைகள் உருட்டட்டும்; பெரியவர்களாகிய நாமும் உடனிருந்து எண்ணுவோம். பரீட்சைக்கு உதவும் பாடம் அவர்களுக்கு; வாழ்க்கைக்கு உதவும் பாடம் நமக்கு.