கொசுவில் வைரஸ் இருந்தால் போதுமா?

2015-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் இயல்பைவிடச் சிறுத்த தலையுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. கர்ப்பிணிகளைத் தாக்கிய ஜிகா வைரஸே காரணம் என்ற சந்தேகம் வலுத்து, 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு அவசரநிலையை அறிவித்தது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டி கொசுவின் மீதே பழி விழுந்தது. ஆனால் அப்பகுதியிலுள்ள ரெசிஃபே நகரில் அதைவிடப் பெருகிக் கிடப்பது, யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் குவின்குஃபேசியேட்டஸ். அங்கே பிடித்த கியூலெக்ஸ் கொசுக்களிலும் ஜிகா வைரஸ் இருந்ததாக ஃபியோகுரூஸ் ஆய்வு நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் அறிவித்தது. ஈடிஸ், வீட்டுத் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கும் நீரில் வளர்ந்து பகலில் கடிப்பது. கியூலெக்ஸ், சாக்கடையில் பெருகி இரவில் கடிப்பது. எது குற்றவாளி என்று தெரிந்தால்தான் கொசு ஒழிப்புப் பணியாளர்களை எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்ய முடியும். அதைச் சொல்ல, கொசுவின் உடலில் வைரஸ் இருந்தது என்ற ஒரு சான்று மட்டும் போதாது.

ஏன் போதாது என்பது ஆய்வு நடக்கும் முறையிலேயே விளங்கும். பொறிகளில் சிக்கிய கொசுக்களைக் குளிர்ந்த தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் இனம் பிரிக்கிறார்கள். ஈடிஸ் எஜிப்டியின் மார்பு மேல்புறத்தில் யாழ் வடிவ வெள்ளிக் கோடுகள் இருக்கும். ஈடிஸ் அல்போபிக்டஸுக்கு நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு. கியூலெக்ஸ் பழுப்பு நிறம். செதில் உதிர்ந்து அடையாளம் கலைந்தவற்றை மரபணுவைக் கொண்டு பிரிக்கலாம். பிறகு ஒரே இனத்துப் பெண் கொசுக்களைச் சிறு தொகுதிகளாக அரைத்து, பிசிஆர் சோதனையில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் எழுகிறது. சற்றுமுன் நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் அவருடைய ரத்தமும், அதனுடன் வைரஸும் இருக்கத்தான் செய்யும். அது செரித்து அழியப்போகும் வைரஸா, பரவப்போகும் வைரஸா என்பதை அரைத்த கூழ் சொல்லாது.

பரவ வேண்டுமானால் வைரஸ் கொசுவின் நடுக்குடல் செல்களைத் தொற்றி, அங்கிருந்து உடற்குழிக்குள் நுழைந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, உமிழ்நீரோடு வெளிவர வேண்டும். பல இனங்களில் வைரஸ் முதல் தடையிலேயே நின்றுவிடுகிறது. இதை அறிய, ஆய்வகத்தில் கொசுவுக்கு வைரஸ் கலந்த ரத்தம் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து அதன் ஊசிவாயை மெல்லிய கண்ணாடிக் குழாயில் செருகி உமிழ்நீரைச் சேகரித்துச் சோதிக்கிறார்கள். அதில் தேறினாலும், வைரஸ் உமிழ்நீரை எட்டும்வரை கொசு உயிரோடிருக்க வேண்டும். நாளொன்றுக்கு 90 சதவீதம் பிழைக்கும் இனத்தில் பத்து நாள் கழித்து நூற்றில் 35 மிஞ்சும்; 80 சதவீதம் என்றால் 11 மட்டுமே. மிஞ்சியவையும் பறவையையோ மாட்டையோ விட்டு மனிதரையே மீண்டும் கடிக்க வேண்டும்.

இந்த அளவுகோல்களில் கியூலெக்ஸ் தேறவில்லை. ரெசிஃபே உள்ளிட்ட சில ஆய்வகங்களில் அதன் உமிழ்நீரில் ஜிகா தென்பட்டது உண்மை; ஆனால் ரியோ டி ஜெனீரோவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த பெரும்பாலான சோதனைகளில் அது ஜிகாவைக் கடத்தவில்லை. களச் சான்று இன்னும் வலுவானது. 2016-இல் ஜிகா தொற்றுடன் ஆயிரக்கணக்கான பயணிகள் அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். கியூலெக்ஸ் கொசுக்கள் அந்நாடெங்கும் உண்டு. ஆனாலும் அந்நாட்டின் மாநிலங்களில் கொசுவழித் தொற்று நேர்ந்தவை, ஈடிஸ் எஜிப்டி வாழும் ஃபுளோரிடாவும் டெக்சஸும் மட்டுமே.

ஆய்வகக் கொசு வேறு, வெளியில் திரியும் கொசு வேறு. ஆய்வகம் தரும் தீர்ப்பை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2005-06-இல் ரீயூனியன் தீவில் மூன்றில் ஒரு பங்கு மக்களைச் சிக்குன்குன்யா தாக்கியது. பரப்பியது, அதுவரை இரண்டாம் நிலைக் கடத்தியாகக் கருதப்பட்ட ஈடிஸ் அல்போபிக்டஸ். வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் அக்கொசுவை அது எளிதில் தொற்றியது. 2007-இல் கேரளத்திலும் அதே மாற்றம் கண்டறியப்பட்டது. ஆகவே தீர்ப்பு எப்போதும் ஒரு குறிப்பிட்ட வைரஸ் வகைக்கும் ஒரு வட்டாரத்துக் கொசுவுக்கும் உரியது. வைரஸ் மாறினால் மறுபடியும் சோதிக்க வேண்டும். வைரஸ் கிடைக்காததும் நிரபராதி என்பதற்குச் சான்றல்ல. 2007-இல் யாப் தீவில் சுமார் முக்கால் பங்கு மக்களை ஜிகா தொற்றியபோதும், பிடித்த கொசு ஒன்றில்கூட வைரஸ் கிடைக்கவில்லை. கொள்ளைநோயின்போதும் தொற்றுள்ள கொசுக்கள் மிகச் சிலவே என்பதால், அவை பொறியில் சிக்காமல் போவது எளிது.

எல்லாக் கொசுக்களையும் ஒழித்துவிட்டால் இந்த ஆராய்ச்சி எதற்கு என்பது இன்னொரு வாதம். எந்த நகராட்சியிடமும் அதற்கான ஆளும் பணமும் இல்லை. தெருவில் அடிக்கும் புகை, வீட்டுக்குள் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஈடிஸை முழுமையாக எட்டாது; இரவில் கட்டும் கொசுவலை பகற்கடிக்கு உதவாது. தவறான இனத்தைத் துரத்தும் ஒவ்வொரு வாரமும் கர்ப்பிணிகளுக்கு ஆபத்தான வாரம். கொசுவைப் பார்த்து இனம் சொல்லவும், அதன் உமிழ்நீரைச் சோதிக்கவும் தெரிந்தவர்கள் ஒரே மாதத்தில் உருவாகிவிட மாட்டார்கள். நோய் இல்லாத ஆண்டுகளிலும் அவர்களுக்கு வேலையும் ஆய்வகமும் கொடுத்து வைத்திருக்கும் நாடுதான், அடுத்த புதிய வைரஸ் வரும்போது எந்தத் தண்ணீரை முதலில் கொட்ட வேண்டும் என்று தன் மக்களுக்குச் சொல்ல முடியும்.