டோக்கியோவிலிருந்து காவிரிக்கரைக்கு: வெளிநாட்டில் படிப்பது என்றால் உண்மையில் என்ன?

தஞ்சாவூரிலிருந்து திருவையாறுக்கு பஸ் ஏறினால், வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டி, ஐந்தாவதாகக் காவிரியைத் தாண்டியதும் ஊர் வந்துவிடும். ஐந்து ஆறு, அதனால்தான் ஐயாறு. அங்கே ஐயாறப்பர் கோயில் வளாகத்துக்குள்ளேயே வடகயிலாயம் என்று தனிக் கோயில் ஒன்று இருக்கு. ராஜராஜ சோழனின் அரசி உலோகமாதேவி கட்டியது. அதன் சுவரில் வரிசை வரிசையாக எழுத்து.

எழுத்து தமிழ்தான். போனை எடுத்து ஜூம் பண்ணிப் பாருங்க. ஒரு வரியாவது படிக்க முடியுதா?

நம்மில் பெரும்பாலானோருக்கு முடியாது. எழுத்தின் வடிவம் வேற. பெரும்பாலும் புள்ளி இருக்காது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடைவெளி கிடையாது. 'எ'வா, 'ஏ'வா என்பதை நாமதான் ஊகிக்கணும். ஆக, அந்தச் சுவருக்கு முன்னால் நீங்களும் வெளிநாட்டுக்காரர்தான்!

இப்போ யோசிச்சுப் பாருங்க. இதே மாதிரிச் சுவர்களைப் படிக்கணும்னு ஜப்பானிலிருந்து ஒரு மாணவர் கிளம்பி வந்தார். நம்ம டெல்டா கிராமங்களில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நிலம் யாரிடம் இருந்தது என்பதை நமக்கே விளக்கிச் சொன்னார். வெளிநாட்டில் படிக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கும், வெளிநாட்டு மாணவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் அவர் கதையில் நிறைய விஷயம் இருக்கு.

யார் அந்த மாணவர்?

பெயர் நொபொரு கராஷிமா. 1933-ல் டோக்கியோவில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு, 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராக வந்தார். கூகுள் மேப் கிடையாது, மொழிபெயர்ப்பு ஆப் கிடையாது, வீடியோ கால் கிடையாது. வீட்டுக்கு ஒரு சேதி சொல்லணும்னா தபால்தான்.

அந்தக் காலத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு அலுவலகம் ஊட்டியில் இருந்தது. கோயில் சுவர்களில் தாளை ஒட்டி, மை ஒற்றி எடுத்த மைப்படிகள் அங்கேதான் குவிந்து கிடந்தன. அவற்றில் பல அச்சுக்கே வராதவை. கல்வெட்டை ஆராய்கிறவர்களுக்கு அந்தத் தாள்கள்தான் புதையல்.

'கல்ச்சர் ஷாக்' எங்கே ஆரம்பிக்கும்?

'கல்ச்சர் ஷாக்' என்ற வார்த்தையைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர். 1960-ல் வந்த அவரது கட்டுரை, வெளிநாட்டுக்குப் போகிறவர் கடக்கும் கட்டங்களை வரிசைப்படுத்தியது. முதலில் எல்லாமே அழகாகத் தெரியும், தேனிலவு மாதிரி. அப்புறம் எல்லாமே எரிச்சலாகும். பிறகு மெல்லப் பிடிபடும். கடைசியில் பழகிடும்.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: எரிச்சல் பெரும்பாலும் பெரிய விஷயங்களில் வராது. எப்படிப் பேசுறது, எப்போ கை கொடுக்கிறது, எதுக்கு 'சரி' சொல்றது என்ற சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஆளைக் களைப்பாக்கும்.

இன்னிக்குத் தமிழ்நாட்டுக்கு வரும் ஒரு ஜப்பான் மாணவரை எடுத்துக்கோங்க. அவர் ஊரில் சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் தூக்கிப் பிடிச்சுச் சாப்பிடுவதுதான் மரியாதை. இங்கே பந்தியில் இடது கை இலைப் பக்கமே வரக்கூடாது. அவர் ஊரில் நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட்டால் யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. இங்கே அதே சத்தத்துக்கு அம்மா முறைப்பாங்க. அவர் ஊர் ரயிலில் போன் பேசுவதே நாகரிகம் இல்லை. நம்ம ஊர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் குடும்பக் கதை முழுசும் நமக்குத் தெரிஞ்சிடும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அறிமுகமான அஞ்சாவது நிமிஷமே "கல்யாணம் ஆயிடுச்சா? சம்பளம் எவ்வளவு?" என்று கேட்போம் பாருங்க, அதுதான் அவரைத் திகைக்க வைக்கும். நமக்கு அது அக்கறை. அவருக்கு அது அவரது சொந்த விஷயம். யார் மேலயும் தப்பில்லை. அக்கறையைக் காட்டும் வழிதான் வேற வேற.

அதுக்காக எல்லாமே வேற்றுமைதான்னு நினைச்சுடாதீங்க. செருப்பை வாசலில் கழட்டுவது இரண்டு ஊரிலும் உண்டு. பெரியவங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்குவதும் உண்டு. அவங்களுக்கு 'சென்செய்', 'சென்பாய்'. நமக்கு 'சார்', 'அண்ணா', 'அக்கா'.

மலையா, மழையா?

மொழி விஷயம் இன்னும் சுவாரஸ்யம். "நான் சோறு சாப்பிட்டேன்" என்ற வாக்கியத்தை ஜப்பானியத்தில் சொன்னாலும் வரிசை அதேதான்: நான், சோறு, சாப்பிட்டேன். வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இந்த ஒற்றுமைகளை வைத்து சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர், தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றே வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வாக்கிய வரிசை ஒத்துப்போவதால் மட்டும் இரண்டு மொழிகள் ஒரே குடும்பம் ஆகிவிடாது.

ஆனா, வரிசை சுலபம்னா உச்சரிப்பு கொடுமை. ஜப்பானியத்தில் 'ர'வும் 'ல'வும் தனித்தனி ஒலிகள் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஒலிதான். நம்மகிட்டயோ ர, ற, ல, ள, ழ என்று ஒரு பட்டாளமே இருக்கு. மலை, மழை, கிளி, கிழி, பரவை, பறவை. பாவம், என்ன பண்ணுவார்?

அடுத்த அதிர்ச்சி, எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும். 'சாப்பிட்டீர்களா' என்று புத்தகத்தில் படிச்சுட்டு வந்தவர் காதில், 'சாப்டீங்களா' என்று விழும். கஷ்டப்பட்டு இலக்கணம் படிச்சது இந்த மொழியைத்தானா என்றே சந்தேகம் வந்துடும்.

ஒரு இடத்தில் மட்டும் டெல்டாக்காரரும் ஜப்பான்காரரும் உடனே கை குலுக்கிக்கலாம். ஆங்கிலத்தில் வயலில் நிற்பதும், மூட்டையில் இருப்பதும், தட்டில் இருப்பதும் எல்லாமே 'ரைஸ்'தான். நமக்கு நெல், அரிசி, சோறு. அவங்களுக்கு 'இனே', 'கோமே', 'கோஹான்'. நாம சாப்பாட்டையே 'சோறு' என்று சொல்ற மாதிரி, 'கோஹான்' என்ற வார்த்தைக்கும் சோறு, சாப்பாடு என்று இரண்டு அர்த்தமும் உண்டு. நெல் விளையும் ஊர்களுக்கு இப்படி ஒரு பொதுப் புத்தி!

கறி பண்ணிய குழப்பம்

ஜப்பானில் 'கரே' என்றால் உயிர். மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் வழியாகப் போன குழம்பு அது. கோதுமை மாவு சேர்த்துக் கெட்டியாக இருக்கும். 'கறி' என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கரி' ஆச்சு என்பார்கள். அதை நம்பி ஒரு ஜப்பான் மாணவர் நம்ம ஊரில் 'கறி' கேட்டால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் வாழைக்காய்ப் பொரியல் வரும். இன்னொரு வீட்டில் ஆட்டுக்கறி வரும். அவர் எதிர்பார்த்த குழம்பு மட்டும் வரவே வராது.

கராஷிமா இந்தக் குழப்பத்தையும் ரசித்து ஆராய்ந்தவர். இந்தியச் சமையலைப் பற்றி ஜப்பானிய வாசகர்களுக்குப் புத்தகம் எழுதினார். 'ஒய்ஷின்போ' என்ற புகழ்பெற்ற சமையல் காமிக்ஸில், கறி என்றால் என்ன என்று விளக்கும் பேராசிரியராகத் தன் சொந்தப் பெயரிலேயே வருகிறார். வரலாற்றுப் பேராசிரியர் காமிக்ஸ் கதாபாத்திரம் ஆவதெல்லாம் லேசான விஷயமா?

கல் சொன்ன கணக்கு

கராஷிமாவின் பெயரை ஆய்வுலகில் நிலைநாட்டியது இரண்டு பக்கத்துப் பக்கத்து ஊர்கள். திருச்சி பகுதியில், காவிரிக்கரையில் இருந்த அல்லூரும் ஈசானமங்கலமும். 1966-ல் வந்த ஆய்வு அது.

இரண்டு ஊர்க் கல்வெட்டுகளிலும் யார் நிலத்தை விற்கிறார்கள், யார் தானம் தருகிறார்கள், யார் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஈசானமங்கலம், பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட பிரம்மதேய ஊர். அங்கே நிலத்தைத் தனி ஆட்களே விற்றார்கள். அல்லூர் வேளாளர்களின் ஊர். அங்கே 'ஊர்' என்ற சபை மொத்தமாக நிலத்தை விற்றது. அதாவது, ஒரு ஊரில் தனி உடைமை, பக்கத்து ஊரில் கூட்டு உடைமை. சோழர் கால கிராமம் என்றாலே எல்லாம் ஒரே மாதிரி என்ற நினைப்பை இது அசைத்துப் பார்த்தது. காலம் போகப் போக, 12, 13-ம் நூற்றாண்டுகளில் காவிரிப் பகுதியில் தனியார் நிலவுடைமை பெருகியதையும் பின்னர் அவர் எடுத்துக்காட்டினார்.

பிறகு எ.சுப்பராயலு உள்ளிட்ட அறிஞர்களோடு சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு மூன்று தொகுதிகளில் ஒரு பெயரடைவு உருவாக்கினார். 1978-ல் வெளிவந்தது. ராஜாக்களின் பெயரை எல்லாரும் தேடுவாங்க. இவங்க சாதாரண ஆட்களின் பெயர்களையும் வரிசைப்படுத்தினாங்க.

இதில் நமக்கு என்ன? கல்வெட்டில் வரும் 'வேலி', 'மா' என்ற நில அளவைச் சொற்கள் டெல்டாவில் இன்னும் புழக்கத்தில் இருக்கு. ஒரு மா என்றால் சுமார் 33 சென்ட், 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. உங்க தாத்தா சர்வ சாதாரணமாகச் சொல்லும் வார்த்தையை, ஒரு வெளிநாட்டு மாணவர் சுவரில் எழுத்துக்கூட்டிக் கண்டுபிடிக்கிறார். நமக்குப் பழகிப்போனதால் கேட்கத் தோணாத கேள்வி அவருக்குத் தோணுது. வெளியூர்க்காரராக இருப்பதில் இருக்கும் பெரிய லாபம் அதுதான்.

காதால் படித்த இன்னொருவர்

கராஷிமா கண்ணால் படித்தார் என்றால், அதே 1960-களில் காதால் படிக்க அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். ஜான் ஹிக்கின்ஸ். வெஸ்லியன் பல்கலைக்கழக மாணவர். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் தமிழ்நாட்டுக்கு வந்து, புல்லாங்குழல் மேதை டி.விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்றார். சீக்கிரமே திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பாடினார். ரசிகர்கள் அவரை 'ஹிக்கின்ஸ் பாகவதர்' ஆக்கிட்டாங்க. 1984-ல், 45 வயதில், அமெரிக்காவில் சாலை விபத்தில் இறந்துபோனார்.

இருவருக்கும் பொதுவான விஷயம் ஒண்ணு உண்டு. ஊரைச் சுற்றிப் பார்த்துட்டுப் போகாமல், ஒரே ஒரு வேலையைப் பிடிச்சுக்கிட்டு, தெரிஞ்சவங்க முன்னால் மாணவராக உட்கார்ந்தாங்க. தப்பாப் படிச்சு, தப்பாப் பாடி, திருத்தம் வாங்கினாங்க. பண்பாடு அவங்களுக்கு உள்ளே வந்தது அந்த வழியாகத்தான்.

'முடியாது' என்று சொல்லும் உறவு

கராஷிமா பின்னாளில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவரானார். 1995-ல் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் நடந்தபோது அவர்தான் தலைவர். 2010-ல் தமிழக அரசு கோவையில் அடுத்த மாநாட்டை நடத்த விரும்பியது. ஆய்வுத் தரத்தோடு நடத்த அவகாசம் போதாது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அரசு அதைச் செம்மொழி மாநாடாகத் தனியே நடத்தியது. அந்த முடிவு சரியா தப்பா என்று இன்னும் விவாதிக்கலாம். ஆனால், வந்த இடத்தில் எல்லாத்துக்கும் தலையாட்டுபவர் விருந்தாளி. மாற்றுக் கருத்தை முகத்துக்கு நேரே சொல்ல வீட்டு மனுஷரால்தான் முடியும்.

2013-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. உடல்நிலை காரணமாக அவரால் டெல்லிக்கு வர முடியவில்லை. அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங், டோக்கியோ போனபோது நேரிலேயே விருதைக் கொடுத்தார். 2015 நவம்பரில் கராஷிமா மறைந்தார்.

சரி, உங்களுக்கு?

நீங்க வெளிநாட்டுக்குப் படிக்கப் போறீங்கன்னா:

* மூணாவது மாசம் எல்லாமே கசந்தால் பயப்படாதீங்க. அது ஒரு கட்டம்தான். 'நமக்கு இந்த ஊர் செட் ஆகாது' என்று அப்போ முடிவெடுக்காதீங்க.
* நம்ம ஊர் ஆட்களோடு மட்டும் சுத்தாதீங்க. பாடத்தைத் தவிர அந்த ஊர் விஷயம் ஒண்ணைக் கத்துக்கோங்க. சமையலோ, விளையாட்டோ, எதுவானாலும் சரி.
* தப்பாப் பேசக் கூச்சப்படாதீங்க. திருத்துறவங்கதான் உங்க முதல் நண்பர்கள்.

உங்க காலேஜுக்கு வெளிநாட்டு மாணவர் வந்திருக்காங்கன்னா:

* முகத்தைப் பார்த்து 'சைனா' என்று கூப்பிடுறதை நிறுத்துங்க. ஜப்பான்காரரையும், மணிப்பூர்க்காரரையும் அப்படிக் கூப்பிடுறது ஜோக் இல்லை. அந்த ஒரு வார்த்தையால் ஒரு ஊரே அவங்களுக்கு வெறுத்துப்போகும்.
* செல்ஃபி எடுக்கிறதுக்கு முன்னால பெயரைக் கேளுங்க. பெயரைச் சரியா உச்சரிக்கப் பழகுங்க. அவங்க நம்ம 'ழ'வுக்குப் படும் பாட்டுக்கு அதுதான் பதில் மரியாதை.
* அவங்க கேட்கும் கேள்விக்கு 'அது அப்படித்தான்' என்று முடிச்சிடாதீங்க. தெரியலைன்னா சேர்ந்து தேடுங்க.

இன்னொண்ணு. அடுத்த முறை டெல்டா பக்கம் போனா, கோயில் சுவரை ஒரு பத்து நிமிஷம் பாருங்க. 'மா' என்ற எழுத்து எங்கேயாவது கண்ணில் படுதான்னு தேடுங்க. அப்படியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கிட்ட, "ஐயா, உங்க ஊர்ல ஒரு மா நிலத்துல எத்தனை மூட்டை நெல் விளையும்?" என்று கேட்டுப் பாருங்க. உங்களைப் பார்த்ததும் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "தம்பிக்கு எந்த ஊரு?"