கணினிக்குள் ஒரு துபாஷி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. தனியாகப் பதிவுசெய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி உள்ள கணினிகளையே ஏற்கிறது. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றுக்கு அதிகாரபூர்வ ஆதரவு பெரும்பாலும் இல்லை. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். ஆக, அதற்கு முன் வாங்கிய கணினி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், அதன் உரிமையாளருக்குச் சொல்லப்படும் செய்தி ஒன்றே: புதியது வாங்குங்கள்.

இந்தச் செய்தி பெருநிறுவனங்களைவிடச் சிறிய இடங்களையே அதிகம் பாதிக்கிறது. சிற்றூர் அச்சகம், நகலகம், கணக்கர் அலுவலகம், அரசு உதவி பெறும் பள்ளி ஆகியவற்றில் பத்தாண்டுக் கணினி என்பது பழைய கணினி அன்று. அது அன்றாடம் உழைக்கும் கருவி. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல மாற்று. அது விலையில்லாதது, பழைய வன்பொருளிலும் சுணங்காமல் இயங்குவது, தொடர்ந்து பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறுவது. பல ஆண்டுகளாக லினக்ஸைப் பயன்படுத்துபவன் என்ற முறையில் இதை நண்பர்கள் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களுள் எவரும் லினக்ஸ் கடினமா என்று முதலில் கேட்டதில்லை. எல்லோரும் கேட்டது, ‘நான் பயன்படுத்தும் மென்பொருள் அதில் ஓடுமா?’ என்பதுதான். அது நியாயமான கேள்வி. மக்கள் இயங்குதளத்தை விரும்பிப் பயன்படுத்துவதில்லை. தமக்கு வேண்டிய ஒரு மென்பொருளுக்காக அதைச் சகித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடிக்கொண்டிருக்கிறது ‘வைன்’ என்னும் மென்பொருள். இதன் சின்னம் மதுக்கிண்ணம்தான் என்றாலும், பெயர் மதுவைக் குறிப்பதன்று; ‘வைன் ஓர் எமுலேட்டர் அன்று’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் அது. இவ்வகை மென்பொருளை ‘இணக்க அடுக்கு’ என்பர். விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரலை, விண்டோஸே இல்லாத கணினியில் இயக்குவது இதன் வேலை.

இது எப்படிச் சாத்தியமாகிறது? எந்த மென்பொருளிலும் இருவகைச் செய்திகள் உள்ளன. ஒன்று, கணினியின் செயலிக்கு இடும் கட்டளை: இதைக் கூட்டு, இதை ஒப்பிடு, அங்கே தாவு என்பன போன்றவை. விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் செயலி அதே செயலிதான். எனவே இக்கட்டளைகளை மாற்ற வேண்டிய தேவை இல்லை. மற்றொன்று, இயங்குதளத்திடம் வைக்கும் வேண்டுகோள்: இந்தக் கோப்பைத் திற, திரையில் ஒரு சாளரம் வரை, இந்தச் சொல்லை இந்த எழுத்துருவில் எழுது என்பன. விண்டோஸில் இத்தகைய வேண்டுகோள்கள் பல்லாயிரம் உள்ளன. லினக்ஸ் அவற்றை வேறு பெயர்களில், வேறு முறைகளில் நிறைவேற்றுகிறது. வைன் இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, விண்டோஸ் முறையில் வரும் வேண்டுகோளை ஏற்று லினக்ஸ் முறையில் நிறைவேற்றித் தருகிறது.

நம் வரலாற்றில் இந்தப் பணிக்கு ஒரு பெயர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை செய்த துபாஷிப் பணிதான் அது. துபாஷி என்பவர் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் மட்டும் அல்லர். இரு தரப்பின் வழக்கங்களையும் அறிந்து, கேட்டவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதை அவருக்குரிய முறையில் கொண்டுசேர்ப்பவர். வைன் கணினிக்குள் அமர்ந்திருக்கும் துபாஷி.

மெய்நிகர் இயந்திரம் என்னும் மற்றொரு வழியும் உண்டு. அதில் லினக்ஸுக்குள்ளேயே ஒரு பாவனைக் கணினியை உருவாக்கி, அதில் முழு விண்டோஸையும் நிறுவுகிறோம். அதற்கு விண்டோஸ் உரிமமும் வேண்டும். இரு இயங்குதளங்களைத் தாங்கும் நினைவகமும் வேண்டும். பழைய கணினிக்கு அது பெருஞ்சுமை. வைனுக்கு இரண்டும் தேவையில்லை.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இப்பணி செய்வதற்கு அரியது. வைன் திட்டம் தொடங்கியது 1993இல். அடுத்த ஆண்டு அதன் பொறுப்பை ஏற்ற அலெக்ஸாண்டர் ஜூலியார் பல பத்தாண்டுகளாக அதை வழிநடத்தி வந்திருக்கிறார். ‘1.0’ என்ற எண்ணுடன் முதல் நிலையான பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். பதினைந்து ஆண்டுக் காலம் எதற்கு? விண்டோஸின் மூலநிரல் வெளியார்க்குத் திறந்தில்லை. பதிப்புரிமைச் சிக்கல் வாராதிருக்க, அதை வேறு வழியில் பார்த்தவர்களும் வைனுக்கு எழுதக் கூடாது என்பது அக்குழுவின் நெறி. எனவே வெளிப்படையான ஆவணங்களைப் படித்தும், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் விண்டோஸ் என்ன விடை தருகிறது என்று சோதனை நிரல்களால் கண்டறிந்தும், முற்றிலும் புதிதாக எழுதினார்கள். ஆவணத்தில் எழுதப்படாத வழக்கங்களையும், சில இடங்களில் விண்டோஸின் பிழைகளையும்கூட அப்படியே திருப்பிச் செய்ய வேண்டியிருந்தது. ஏனெனில் அந்தப் பிழையையே நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் உலகில் ஏராளம்.

இந்தப் பொறுமைக்குப் பயன் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனம், வைனை அடிப்படையாகக் கொண்ட ‘புரோட்டான்’ மென்பொருளை 2018இல் வெளியிட்டது. 2022இல் விற்பனைக்கு வந்த அதன் ‘ஸ்டீம் டெக்’ கையடக்கக் கருவி லினக்ஸில் இயங்குவது; விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை அது புரோட்டான் வழியே ஓட்டுகிறது. அதை வாங்குவோரில் பலர் தாம் லினக்ஸைப் பயன்படுத்துகிறோம் என்பதைக்கூட எண்ணிப்பார்ப்பதில்லை. 2024இல் மைக்ரோசாப்டே, தன் பொறுப்பிலிருந்த ‘மோனோ’ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை வைன் குழுவிடம் ஒப்படைத்தது.

பயனருக்கு இது எப்படித் தோன்றும்? விண்டோஸ் மென்பொருளின் நிறுவல் கோப்பை இருமுறை சொடுக்கினால், விண்டோஸில் காணும் அதே நிறுவல் சாளரம் திறக்கும். வைன் நம் முகப்புக் கோப்புறைக்குள் மறைவாக ஒரு கோப்புறையை உருவாக்கி, அதைச் ‘சி’ டிரைவ் என்று அந்த மென்பொருளை நம்பவைக்கும். ஒரு மென்பொருளுக்கு ஒரு தனிக் கோப்புறை என்று வைத்துக்கொள்வது நல்லது; ஒன்று கெட்டால் அதை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவலாம். எந்த மென்பொருள் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்று பயனர்களே சோதித்துத் தரவரிசை இட்ட பட்டியலை வைன் குழு பராமரிக்கிறது. கணினியை மாற்றும் முன் தமக்கு வேண்டிய மென்பொருளை அதில் தேடிப் பார்ப்பது முதல் கடமை.

ஏனெனில் எல்லாம் ஓடாது. இதை மறைத்து லினக்ஸைப் பரிந்துரைப்பவர்களால் அதற்குக் கெட்ட பெயரே சேர்ந்திருக்கிறது. இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள் நுழைந்து வேலை செய்யும் எதற்கும் வைன் உதவாது. விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் உள்ள அச்சுப்பொறி, யுஎஸ்பி பூட்டைச் செருகினால்தான் திறக்கும் மென்பொருள், போட்டி விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் ஆகியன பெரும்பாலும் இங்கே தடைபடும். மைக்ரோசாப்ட் ஆபீஸ், அடோபி ஆகியவற்றின் அண்மைப் பதிப்புகளை நம்பித் தொழில் நடத்துவோருக்கு வைனை நான் பரிந்துரைப்பதில்லை. மற்றொரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டும்: வைன் ஒரு பாதுகாப்பு வேலி அன்று. அதில் ஓடும் நிரல் நம் சொந்தக் கோப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் முடியும். திருட்டுப் பிரதி மென்பொருளை விண்டோஸில் ஓட்டுவது எவ்வளவு ஆபத்தோ, வைனில் ஓட்டுவதும் ஏறத்தாழ அவ்வளவு ஆபத்தே.

மறுபுறம், பழைய மென்பொருள்களுக்கு வைன் ஓர் அடைக்கலம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 16 பிட் விண்டோஸ் நிரல்கள் இன்றைய 64 பிட் விண்டோஸில் ஓடுவதில்லை. வைனில் அவற்றுள் பல ஓடுகின்றன. தன் வீட்டுப் பிள்ளையை மைக்ரோசாப்ட் மறந்த பின்னும் அயல்வீடு அதற்குச் சோறிடுகிறது.

இதில் தமிழுக்கென்று ஒரு தனி அக்கறை இருக்கிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் பேஜ்மேக்கர் போன்ற விண்டோஸ் மென்பொருள்களில், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்ட எழுத்துருக்களில் வடிவமைக்கப்பட்டன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். பாமினி போன்ற அந்நாளைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தின. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியின் இடம் கிடைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். இவ்வாறு முடங்கிய கோப்புகள் எத்தனை அச்சகங்களின் அலமாரிகளில் குறுந்தகடுகளாக உறங்குகின்றன! உள்ளூர் வரலாறு, கோயில் மலர், சிற்றிதழ், தனிமனிதர் தம் செலவில் அச்சிட்ட கவிதைத் தொகுப்பு என, வேறெங்கும் பிரதி இல்லாத எழுத்துகள் அவற்றுள் இருக்கக்கூடும்.

அவற்றைத் திறக்க வல்ல பழைய விண்டோஸ் கணினிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. பழைய மென்பொருளையும் எழுத்துருவையும் வைனில் நிறுவி அக்கோப்புகளைத் திறக்க முயலலாம். ஆனால், திறந்த கையோடு உரையை ஒருங்குறிக்கு மாற்றிச் சேமிப்பதே அறிவுடைமை. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக ஏற்று அறிவித்தது. அந்த வடிவில் உள்ள உரைக்குத் துபாஷி தேவையில்லை. எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் அது தானே பேசும்.

நான் சொல்ல வருவதன் சாரமும் இதுதான். வைன் ஒரு பாலம். பாலத்தின்மேல் யாரும் வீடு கட்டுவதில்லை. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. எனினும் 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவுசெய்தது. அதில் அரசியலும் இருந்தது. விண்டோஸில் மட்டுமே ஓடும் துறைசார் மென்பொருள்கள் கடைசிவரை தீராத சிக்கலாக நீடித்ததும் காரணம். கேரளத்தின் அரசுப் பள்ளிகளோ லினக்ஸில் நிலைத்துவிட்டன. அங்கே பழைய மென்பொருளை ஓட்டிக்காட்டுவதோடு நிற்கவில்லை. கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே கணினிப் பாடநூல்களை எழுதினார்கள். ஆசிரியர்களுக்கு அவற்றில் பயிற்சி அளித்தார்கள்.

இயங்குதளம் நம்மைக் கட்டிப்போடுவதில்லை. கோப்பு வடிவமே கட்டிப்போடுகிறது. ஒரு காலத்தில் வருமான வரிக் கணக்கைக் கணினி வழியே தாக்கல் செய்ய எக்செல் கோப்பைப் பதிவிறக்கி நிரப்ப வேண்டியிருந்தது. இன்று பலரும் இணைய உலாவியிலேயே அதை முடித்துவிடுகிறார்கள். எந்த இயங்குதளம் என்று யாரும் கேட்பதில்லை. மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் குறித்த கொள்கையை மத்திய அரசு 2010இலும், கட்டற்ற மென்பொருள் குறித்த கொள்கையை 2015இலும் வெளியிட்டுள்ளது. பொதுப் பணத்தில் உருவாகும் எந்த மென்பொருளும் எந்தப் படிவமும் ஒரே நிறுவனத்தின் இயங்குதளத்தில் மட்டும் திறக்கக் கூடாது என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்கினால், அக்கொள்கைகளுக்கு உயிர் வரும்.

அதுவரை, நல்ல நிலையில் உள்ள கணினியைக் குப்பைக்கு அனுப்பும் முன் ஒரு நாள் செலவிடலாம். கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பயன்படுத்தும் மென்பொருள்களைப் பட்டியலிடுங்கள். அவற்றுள் உலாவியில் நடப்பவை எவை, லிப்ரே ஆபீஸ் போன்ற மாற்று உள்ளவை எவை, மாற்றே இல்லாதவை எவை என்று பிரித்துப் பாருங்கள். நான் கண்டவரை, மூன்றாம் வகையில் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான். நிறுவாமலேயே யுஎஸ்பி வழியாக லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. மிஞ்சிய அந்த ஒன்றிரண்டும் வைனில் ஓடினால் கணினி பிழைத்தது. ஓடாவிட்டால் நட்டம் ஒரு நாள் மட்டுமே.