கருக்குழாய்ச் சோதனை: அஞ்சும் மனைவியர்க்கும் அஞ்சாத கணவர்க்கும்

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்தபின், வயது முதிர்ந்த தாய் ஒருவர் நமது பங்கு அலுவலக வாயிலில் வந்து நின்றார். "தோத்திரம் சாமி" என்றவர், நாற்காலியைக் காட்டியும் அமரவில்லை. மகனுக்கு மணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. "மேற்றிராசனத்துக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்க சாமி. இந்தக் கல்யாணம் செல்லாதுன்னு அங்கே தீர்ப்புக் கொடுப்பாங்களாமே" என்றார்.

மருமகளை நாம் அறிவோம். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை. விடியுமுன் கம்பெனி வண்டி ஏறி, இருட்டியபின் வீடு திரும்புகிற பெண். அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டின் ஓட்டுக்கூரை தளமாயிற்று என்பதையும் அறிவோம்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன விடையை இங்கே எல்லாருக்குமாகச் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் இந்தத் தவறான எண்ணம் நம் குடும்பங்கள் பலவற்றில் உலவுகின்றது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 1084-ஆம் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், மகப்பேறின்மை திருமணத்தைத் தடை செய்வதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்று தெளிவாக உரைக்கின்றது. முன்பே அறிந்திருந்தும் மறைத்து வஞ்சித்து மணந்தால் மட்டுமே அது வேறு வழக்கு. பலிபீடத்தின் முன் கொடுத்த வாக்கு, குழந்தை பிறந்தால் செல்லும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டதன்று. அந்தத் தாய் முகம் வாடித் திரும்பினார். மறுவாரம் மருமகளே வந்தாள். மருத்துவர் ஒரு 'குழாய் டெஸ்ட்' எடுக்கச் சொல்லி இருமுறை சீட்டு எழுதினாராம். இருமுறையும் அவள் போகவில்லை. உடன் வேலை செய்யும் அக்காள் ஒருத்தி, "உயிர் போய் உயிர் வரும்" என்று சொல்லிவிட்டாளாம். கணவன் சோதனைக்குப் போனானா என்று கேட்டோம். "அவருக்கு என்ன சாமி, அவர் நல்லாத்தானே இருக்கார்" என்றாள்.

இச்சோதனையைப் பற்றி நாம் எழுதத் துணிந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான். நாம் மருத்துவரல்லோம். மருத்துவப் பணி ஆற்றும் கன்னியர் ஒருவரிடமும், மகப்பேறு மருத்துவர் ஒருவரிடமும் கேட்டறிந்ததையும், நூல்களில் கண்டதையும் தொகுத்துத் தருகின்றோம். குரு எழுதக்கூடிய பொருளா இது என்று முகம் சுளிப்போர் ஒரு பழைய செய்தியை நினைக்கட்டும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்கப் பெண் ஒருவரை அழைக்க வந்தனர். ஆண் மருத்துவரை ஏற்க மறுத்தனர். மூன்று பெண்களும் மாண்டனர். அதைக் கண்ட இளம் பெண்தான் ஐடா ஸ்கடர். அவர் மருத்துவம் கற்றுத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பேசக் கூசியதால் இறந்தவர்கள் நம் மாவட்டத்துக்குப் புதியவர்களல்லர்.

கருப்பையின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக நீளுவது கருக்குழாய். ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். கருப்பையை ஒட்டிய இடத்தில் அதன் உட்துளை ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஆணின் வித்தும் பெண்ணின் முட்டையும் சந்திப்பது இக்குழாயினுள்தான். இதை முறையாக விவரித்தவர் 16-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்று வல்லுநர் கபிரியேல் பலோப்பியோ. அவர் பெயராலேயே ஆங்கிலத்தில் 'பலோப்பியன் குழாய்' என்கின்றனர். அவர் இளமையில் மோதேனா பேராலயத்தில் திருப்பணியில் இருந்தவர் என்று படித்தபோது நமக்கு உள்ளூரச் சிறு பெருமைதான்.

இவ்வளவு நுண்ணிய வழி அடைபடுவதற்குக் காரணங்கள் பல: உரிய காலத்தில் குணமாக்காத வெள்ளைப்பாடும் அடிவயிற்றுத் தொற்றும், கருச்சிதைவுக்குப் பின் வந்த காய்ச்சல், குடல்வால் வெடித்ததால் உண்டான ஒட்டல், கருப்பை உட்சவ்வு வேறிடங்களில் வளரும் நோய். நம் நாட்டில் இவற்றோடு காசநோயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காசம் நுரையீரலோடு நிற்பதில்லை. இருமலின்றி, சளியின்றி, ஓசைப்படாமல் கருக்குழாயில் குடியேறுவதுண்டு. பெண்ணுறுப்புகளைப் பற்றும் காசம் பெரும்பாலும் குழாய்களையே முதலில் தாக்குகிறது. வீட்டில் யாருக்காவது காசம் இருந்ததென்றால் அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

கண்ணுக்குத் தெரியாத குழாயை எக்ஸ்ரே படத்தில் தெரியச் செய்வதே இச்சோதனை. 'எச்.எஸ்.ஜி.' என்று சீட்டில் எழுதுவர். எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தோன்றும் அயோடின் கலந்த மருந்தைக் கருப்பையின் வாய் வழியே மெல்லச் செலுத்துவர். அது கருப்பையை நிரப்பி, குழாய்களில் ஏறி, மறுமுனையில் வயிற்றறைக்குள் சிந்தினால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். 1914 முதல் இம்முயற்சி நடந்துவருகிறது. 1924-இல் அயோடின் எண்ணெயைப் பயன்படுத்தியபின் செப்பமடைந்தது. ஆகவே உங்களைக் கொண்டு யாரும் புதிதாய்ப் பழகப்போவதில்லை.

நாள் குறிப்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். மாதவிலக்கு தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டு, உதிரம் முற்றும் நின்றபின், ஏறத்தாழ ஆறாம் நாளுக்கும் பதினோராம் நாளுக்கும் இடையில் எடுக்க வேண்டும். முட்டை வெளிப்படுமுன், கருத்தரித்திருக்க இயலாத நாள்களில் எடுப்பதே நோக்கம். எனவே மாதவிலக்கான அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி நாள் வாங்கிக்கொள்ளுங்கள். சோதனை முடியும்வரை கணவனும் மனைவியும் கூடாதிருக்கச் சொல்வர். அது ஒரு வாரத் தவம்தான். மாதவிலக்கு ஒழுங்கற்றவர்களுக்கு முதலில் கர்ப்பச் சோதனை செய்வர். காய்ச்சலோ, துர்நாற்றமுள்ள வெள்ளைப்பாடோ, அடிவயிற்று வலியோ இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். தொற்று இருக்கையில் இச்சோதனை செய்வதில்லை. முன்பு எக்ஸ்ரே மருந்து ஏதேனும் ஒவ்வாமற்போனதா, தைராய்டு நோய் உண்டா என்பவற்றையும் சொல்லுங்கள்.

அன்று நடப்பது இதுவே. சிறுநீர் கழித்துவிட்டு, மருத்துவமனை தரும் ஆடையை உடுத்தி, எக்ஸ்ரே மேசையில் முழங்கால்களை மடக்கிப் படுக்க வேண்டும். உலோகம் படத்தில் நிழலாக விழும் என்பதால் இடுப்புக் கொடியைக் கழற்றச் சொல்வர். சிலவிடங்களில் எல்லா நகையையும் கழற்றச் சொல்வர். தாலியைக் கழற்ற நேருமோ என்று அழுத பெண்ணை நாம் கண்டிருக்கிறோம். கழற்றச் சொன்னால் கழற்றி, வெளியே காத்திருக்கும் கணவன் கையில் கொடுத்துச் செல்லலாம். அருட்சாதனம் கயிற்றில் இல்லை. அறையில் பெண் உதவியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டுமென்று கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

ஒரு கருவியை வைத்துக் கருப்பையின் வாயைத் தூய்மை செய்து, மெல்லிய குழலைப் பொருத்துவர். அதுவரை கூச்சமும் சிறு அழுத்தமுமே. மருந்து உள்ளே ஏறும்போதுதான் வலி: மாதவிலக்கு வலியை ஒத்த, சிலருக்கு அதனினும் கடுமையான இழுப்பு. ஓரிரு நிமிடங்கள் உச்சத்தில் நின்று தணிகிறது. குழாய் அடைபட்டவர்களுக்கு வலி கூடுதலாக இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், பலரும் அனுமதிக்கின்றனர். மேசையில் இருக்கும் நேரம் பெரும்பாலும் அரைமணிக்கு மேற்படாது. நம்மிடம் வந்த பெண் பின்னர் சொன்னது: "வலிச்சது சாமி. ஆனா அக்கா சொன்ன மாதிரி இல்லை. மெஷின்ல விரல்ல ஊசி ஏறினப்போ இதைவிட வலிச்சது." எல்லாருக்கும் இப்படியே இருக்கும் என்று நாம் வாக்களிக்க மாட்டோம், பொறுக்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம், மருத்துவர் நிறுத்துவார்.

பின்னர் ஓரிரு நாள் பிசுபிசுப்பான நீரும் சிறிது உதிரமும் படும். அணையாடை கொண்டு செல்லுங்கள். தனியே பேருந்தேறித் திரும்ப வேண்டா, தலைசுற்றல் வருவதுண்டு. அன்று மாலையே வேலைக்குச் செல்லவும் வேண்டா. காய்ச்சல், நாளுக்கு நாள் ஏறும் வயிற்று வலி, நாற்றமுள்ள ஒழுக்கு, மிகுந்த உதிரப்போக்கு - இவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். நூற்றில் சிலருக்கே தொற்று ஏற்படுகிறது. ஆயினும் வந்தால் விரைந்து மருந்து தேவை.

படத்தில் 'அடைப்பு' என்று எழுதியிருந்தால் அதையே இறுதித் தீர்ப்பென்று கொள்ளலாகாது. அச்சத்தாலும் வலியாலும் குழாயின் அடிப்பகுதி இறுகிச் சுருங்கிவிடுவதுண்டு. திறந்த குழாயும் அப்போது மூடியதாகவே தோன்றும். எனவே ஐயமிருந்தால் மறுமுறை படம் எடுப்பதோ, வயிற்றில் சிறு துளையிட்டு நுண்குழல் வழியே நேரில் காணும் லாப்பராஸ்கோப்பி செய்வதோ வழக்கம். இதனை அறியாமல் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு 'மலடி' என்று தெருவுக்கே அறிவித்த குடும்பத்தை நாம் அறிவோம்.

சோதனைக்குப் பின்வரும் மாதங்களில் சிலர் தாமாகவே கருத்தரிப்பது நெடுநாளாய் அறிந்த செய்தி. நெதர்லாந்தில் 27 மருத்துவமனைகளில் 1119 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. எண்ணெய் வகை மருந்து செலுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரும், நீர்வகை மருந்து செலுத்தப்பட்டவர்களில் 29 பேரும் ஆறு மாதத்துக்குள் கருவுற்றனர். ஆனால் அவர்கள் குழாய் நோய்க்கான அறிகுறி இல்லாத பெண்கள். எண்ணெய் மருந்து எல்லாருக்கும் ஏற்றதுமன்று. ஆகவே இதனைச் சிகிச்சை என்று நம்பிப் போகாமல், சோதனையாகவே எண்ணிப் போவது நல்லது.

இனிக் கணவர்மாரிடம் ஒரு சொல். குழந்தையின்மைக்கான காரணம் ஏறக்குறையப் பாதி இணையரில் ஆணிடமும் இருக்கிறது. அவருக்கான சோதனையில் வலியில்லை, எக்ஸ்ரே இல்லை, செலவும் குறைவு. மனைவியை மேசையில் ஏற்றுமுன் அதைச் செய்துவிடுவதே முறை. நம் ஊர்களிலோ அது கடைசியாகத்தான் நடக்கிறது. மாதிரி எடுக்கும் முறையில் மனச்சான்று உறுத்தினால், திருச்சபையின் அறநெறிக்கு முரணாகாத வழியும் உண்டு. மருத்துவரிடமோ உங்கள் பங்குத்தந்தையிடமோ கேளுங்கள். வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் இரசாயனங்களிடையேயும், ஷூ ஒட்டும் பசையின் நெடியிலும் உழைக்கிறவர்கள் தம் தொழில் இன்னதென்று மருத்துவரிடம் சொல்லவும் மறவாதீர்கள்.

இச்சோதனையைத் திருச்சபை ஏற்கிறதா என்று சிலர் தயங்கிக் கேட்கின்றனர். ஏற்கிறது. 2008-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'மனித மாண்பு' பற்றிய அறிவுரை, இயல்பான கருத்தரிப்புக்குத் தடையாயிருப்பவற்றை நீக்கும் மருத்துவம் முறையானதே என்று கூறி, கருக்குழாய் அடைப்பைத் திறப்பதையும் அறுவை மூலம் சீர்செய்வதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றது. இரு குழாய்களும் அடைபட்டவர்களுக்குச் 'சோதனைக்குழாய்க் குழந்தை' என்ற வழி காட்டப்படும். அதனைத் திருச்சபை 1987-லிருந்தே தெளிவாக மறுத்துவருகிறது, ஏனெனில் அங்கே கணவன் மனைவியின் கூடலுக்குப் பதிலாக ஆய்வுக்கூடம் நிற்கிறது. உருவான கருக்கள் பல வீணாக்கப்படுகின்றன. இதனைச் சொல்வது எளிது. கண்ணீரோடு எதிரே அமர்ந்திருப்பவரிடம் சொல்வது எளிதன்று. பன்முறை நாம் சொற்களைத் தேடி நின்றிருக்கிறோம். ஏற்கெனவே அவ்வழியில் பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பார்களா என்று ஒரு தாய் கேட்டார். அக்குழந்தையும் கடவுளின் சாயலே, மகிழ்ச்சியோடு கொடுத்தோம்.

சாமுவேலின் தாய் அன்னா ஆலயத்தில் உதடு மட்டும் அசைய மன்றாடியபோது, குரு ஏலி அவளைக் குடிகாரி என்று எண்ணினார். பிள்ளையில்லாப் பெண்ணின் துயரத்தைத் தவறாகப் படித்த முதல் ஆள் ஒரு குரு என்பதை, நாம் அலுவலகக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறோம். வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டி வரும் பெண்ணிடம், "டாக்டரிடம் போனாயா?" என்று கேட்பது அவளுடைய நம்பிக்கையைக் குறைப்பதாகாது.

நம் கதையின் பெண்ணுக்கு ஒரு குழாய் திறந்திருந்தது. மற்றொன்று மூடியதுபோல் தெரிந்தது. படத்தைப் பார்த்த மருத்துவர் கணவனை அழைத்து வரச் சொன்னார். அவன் மூன்று வாரம் சாக்குச் சொல்லி, நாம் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் தோளில் கைபோட்டுப் பேசியபின் போனான். வித்தணுக்கள் குறைவென்று முடிவு வந்தது. அவனே அந்தத் தாளைத் தாயிடம் காட்டினான். அதற்குப்பின் அந்த அம்மாள் கடிதம் கேட்டு வரவில்லை. சிகிச்சை நடக்கிறது, குழந்தை இன்னும் இல்லை.

சென்ற வாரம் அவள் கோவிலுக்கு வந்தபோது உடன் வேறொரு பெண் நின்றாள். அதே தையல் பிரிவு, மணமாகி இரண்டரை ஆண்டு. "இவளுக்கு வியாழக்கிழமை அந்த டெஸ்ட் சாமி. வீட்டிலே யாரும் வரமாட்டாங்களாம். நான் லீவு போட்டுட்டேன்" என்றாள்.