மேசைக் கணிப்பொறிக்குக் கட்டற்ற மென்பொருள்: தேர்ந்தெடுப்பது எப்படி?

கணிப்பொறி இன்று பெருநகர அலுவலகங்களின் உடைமை மட்டுமன்று. ஊராட்சி அலுவலகம், அரசுப் பள்ளி, கூட்டுறவுச் சங்கம், கிளை நூலகம், சிறுதொழிற்கூடம் ஆகிய எல்லா இடங்களிலும் அது இடம்பெற்றுவிட்டது. ஆயினும், கணிப்பொறியை வாங்கும்போது காட்டப்படும் கவனத்தில் பாதியளவுகூட அதில் இயங்கவேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் காட்டப்படுவதில்லை. விற்பவர் எதைப் பொருத்தித் தருகிறாரோ அதுவே நிலைத்துவிடுகிறது. பல இடங்களில் அது உரிமம் பெறாத படியாகவும் இருந்துவிடுகிறது.

இந்த அலட்சியத்தின் விலை அண்மையில் வெளிப்பட்டது. 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு முடிவுக்கு வந்தது. குறுகிய கால நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தையும், டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லையும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியையும் கேட்கிறது. இதனால், பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணிப்பொறிகள் ஒரே நாளில் ‘பழையவை’ ஆகிவிட்டன. அவற்றைக் கழித்துக் கட்டிப் புதியவை வாங்குவதா, அல்லது வேறு வழி உண்டா? பொதுப்பணத்தில் இயங்கும் ஒவ்வொரு நிறுவனமும் எண்ணிப்பார்க்க வேண்டிய வினா இது.

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு

கட்டற்ற மென்பொருள் என்றவுடன் காசில்லாமல் கிடைப்பது என்றே பலரும் கருதுகின்றனர். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரு பொருளையும் தருவதால் அங்கு இக்குழப்பம் இயல்பானது. தமிழில் இலவசத்திற்கும் சுதந்திரத்திற்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால் நமக்கு அது நேரவேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனு’ திட்டத்தை அறிவித்தபோது அவர் வலியுறுத்தியது சுதந்திரத்தையே. எந்த நோக்கத்திற்காகவும் மென்பொருளை இயக்குதல், அதன் மூல நிரலைப் படித்துத் தேவைக்கேற்ப மாற்றுதல், பிறருக்குப் படியெடுத்து வழங்குதல், மாற்றிய வடிவத்தையும் வெளியிடுதல் ஆகிய நான்கு உரிமைகளும் பயனருக்கு உண்டு என்பதே இக்கோட்பாட்டின் சாரம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் குனுவின் கருவிகளுடன் இணைந்து முழுமையான இயங்குதளமாயிற்று. ‘திறந்த மூல மென்பொருள்’ என்ற பெயர் 1998இல் வழக்கிற்கு வந்தது.

இந்த வேறுபாடு நடைமுறைப் பயன் உடையது. பணம் கேட்காத மென்பொருள்கள் பல உள்ளன. ஆனால் அவற்றின் மூல நிரல் மூடப்பட்டிருந்தால், நாளை அந்நிறுவனம் விலை விதிக்கலாம், அல்லது அதனைக் கைவிடலாம். கட்டற்ற மென்பொருளில், உருவாக்கியவர் விலகினாலும் மற்றொருவர் தொடரமுடியும். ஓப்பன் ஆபிஸ் மென்பொருளின் எதிர்காலம் ஐயத்திற்குள்ளானபோது, அதன் உருவாக்குநர்களில் பலர் 2010இல் தனியே பிரிந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கியது இதற்குத் தக்க சான்றாகும். எனவே, தேர்வின் முதற்படி உரிமத்தைப் படிப்பதே ஆகும்.

பணிகளைப் பட்டியலிடுக

எந்த மென்பொருள் சிறந்தது என்ற வினாவிற்குப் பொதுவான விடை இல்லை. இக்கணிப்பொறியில் என்ன செய்யப்படுகிறது என்ற வினாவிற்குத்தான் விடை உண்டு. ஒரு வாரத்திற்கு நடைபெறும் பணிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கடிதம் தட்டச்சு செய்தல், கணக்கு அட்டவணை, மின்னஞ்சல், இணையதளங்களில் விவரம் பதிதல், படங்களைத் திருத்துதல், பாடக் காணொளிகளைப் பார்த்தல் என்று எழுதினால், பெரும்பாலான அலுவலகங்களின் பட்டியல் பத்து வரிகளைத் தாண்டாது.

இவற்றுள் மிகப் பலவற்றிற்குத் தேர்ந்த கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. கடிதத்திற்கும் அட்டவணைக்கும் லிப்ரே ஆபிஸ், இணையத்திற்கு பயர்பாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு, படங்களுக்கு கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், காணொளிக்கு விஎல்சி ஆகியவை நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளவை. அச்சிட்ட தமிழ்ப் பக்கங்களை எழுத்துகளாக மாற்றுவதற்கு டெசராக்ட் உதவுகிறது.

பட்டியலில் இடறும் வரிகளும் இருக்கும். கணக்கு வைப்பதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள்கள் சில விண்டோஸில் மட்டுமே நேரடியாக இயங்குகின்றன. பொறியியல் வரைபட மென்பொருள்கள் சிலவும் அவ்வாறே. எண்மக் கையொப்பச் சாவி சில இணையதளங்களில் லினக்ஸிலிருந்து வேலை செய்யுமா என்பதை முன்கூட்டியே சோதித்தறிய வேண்டும். இவ்வரிகளை மறைப்பதால் பயனில்லை. பத்துக் கணிப்பொறிகள் உள்ள அலுவலகத்தில் ஒன்றிரண்டைப் பழைய பணிக்கென உரிய உரிமத்துடன் வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றுவது தோல்வியன்று, நல்ல திட்டமிடுதலேயாகும்.

பயன்பாடுகள் முதலில், இயங்குதளம் பிறகு

மாற்றத்தை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் வெற்றி பெரிதும் அடங்கியுள்ளது. மேலே கூறிய மென்பொருள்கள் விண்டோஸிலும் இயங்குபவை. ஆகவே, இயங்குதளத்தைத் தொடாமல் முதலில் பயன்பாட்டு மென்பொருள்களை மட்டும் மாற்றலாம். சில மாதங்களில் ஊழியர்களின் கை அவற்றில் பழகிவிடும். அதன்பின் அடித்தளத்தை மாற்றும்போது திரையில் அன்றாடம் காணும் மென்பொருள்கள் அப்படியே இருப்பதால் அதிர்ச்சி குறைவு. பிரான்சு நாட்டின் ஜாந்தார்மரி காவற்படை இவ்வழியையே பின்பற்றியது. 2005இல் ஓப்பன் ஆபிஸ், 2006இல் பயர்பாக்ஸ், தண்டர்பேர்டு, 2008 முதல் உபுண்டு இயங்குதளம் எனப் படிப்படியாக அது மாறியது. அம்மாற்றம் இன்றும் நிலைத்திருக்கிறது.

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கையில் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஆதரவுக் காலம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருகிறது. ஒவ்வொன்றிற்கும் ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. லினக்ஸ் மின்ட் இதனை அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸில் பழகியவர்களுக்கு இசைவான தோற்றம் உடையது. 1993இல் தொடங்கப்பெற்ற டெபியன், நிதானத்திற்கும் உறுதிக்கும் பெயர் பெற்றது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கென அமைக்கப்பட்டது.

இரண்டாவது, பொறியின் வலிமை. 4 ஜிகாபைட் நினைவகம் இருப்பின் பெரும்பாலான பணிகள் தடையின்றி நடைபெறும். 2 ஜிகாபைட் மட்டுமே இருப்பின் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய திரைச்சூழல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகப் பழைய 32 பிட் பொறிகளுக்கு வாய்ப்புகள் சுருங்கிவருகின்றன. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, அவற்றில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. எல்லாப் பழைய கணிப்பொறிகளையும் காப்பாற்றிவிடலாம் என்று எண்ணுவது தவறு.

மூன்றாவது, துணைக்கருவிகள். இயங்குதளத்தை நிறுவாமலேயே ஒரு பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கும் வசதி இவை பெரும்பாலானவற்றில் உண்டு. அவ்வாறு இயக்கி, அச்சுப்பொறி அச்சிடுகிறதா, ஸ்கேனர் படியெடுக்கிறதா, வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா என்று ஒரு மணி நேரம் சோதித்தால், பின்னர் நேரும் இன்னல்களில் பெரும்பகுதி நீங்கிவிடும். நிறுவுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வேறொரு வன்தட்டில் படியெடுத்துக்கொள்வது கட்டாயம்.

நான்காவது, அருகிலுள்ள உதவி. பழுது நேர்ந்தால் வந்து பார்க்கக்கூடியவர் எதனை அறிந்திருக்கிறாரோ அதுவே அவ்வூருக்கு ஏற்ற இயங்குதளம். சிறப்பம்சங்கள் சில குறைந்தாலும் இதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது.

கோப்பு வடிவமும் தமிழ் எழுத்தும்

மென்பொருள் மாறிப்போகும், ஆவணங்கள் நிலைத்திருக்க வேண்டும். திறந்த ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் பற்றிய கொள்கையை மத்திய அரசு 2010 நவம்பரில் வெளியிட்டது. சொந்தப் பதிவுகளை இவ்வடிவத்திலும், பிறருக்கு அனுப்பும் இறுதி ஆவணங்களைப் பிடிஎஃப் வடிவத்திலும் வைப்பது நன்று. மைக்ரோசாஃப்ட் வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபிஸ் திறக்கும். எனினும் சிக்கலான அட்டவணைகளில் அமைப்பு சற்றே பிறழக்கூடும். மேக்ரோக்கள் எப்போதும் இயங்கும் என்று சொல்வதற்கில்லை.

தமிழில் எழுதுவோருக்கு இது மேலும் கூர்மையான சிக்கலாகும். யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சிடப்பட்ட ஆவணங்கள் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்றது. ஆகவே மாற்றத்தின்போது பழைய கோப்புகளை யூனிகோடிற்கு மாற்றி, மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதைத் தனி வேலையாகக் கருதி நேரம் ஒதுக்க வேண்டும். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸில் ஐபஸ் வழியாகக் கிடைக்கிறது. லோகித், நோட்டோ ஆகிய எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் உள்ளன.

பாதுகாப்பு பற்றிய ஐயம்

எல்லோரும் பார்க்கக்கூடிய நிரலில் தீயவர்களும் நுழையலாமே என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. எக்ஸ்இசட் எனும் சுருக்கல் மென்பொருளில் நெடுநாள் திட்டமிட்டு ஒருவர் கள்ளவழி ஒன்றைப் புகுத்தியிருந்தது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்டு என்ற பொறியாளர். தொலைநுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டு, மூல நிரலைத் தோண்டிப் பார்த்து அவர் உண்மையை அறிந்தார். அதற்குள் அந்நிரல் சோதனைப் பதிப்புகள் சிலவற்றை எட்டியிருந்தது. டெபியனின் நிலையான பதிப்பை எட்டவில்லை. இந்நிகழ்ச்சி இரு பாடங்களைத் தருகிறது. திறந்திருப்பதால் மட்டும் மென்பொருள் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. ஆனால் திறந்திருந்ததால்தான் வெளியார் ஒருவரால் ஆய்ந்து கூறமுடிந்தது. நடைமுறையில், புதுமையை நாடாமல் நிலையான பதிப்பைத் தேர்ந்தெடுப்பதும், திருத்தங்களை உடனுக்குடன் ஏற்பதும், அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்தே மென்பொருளைப் பெறுவதும் போதிய காப்பாகும்.

செலவும் பயிற்சியும்: இரு படிப்பினைகள்

உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. பயிற்சி, கோப்பு மாற்றம், பராமரிப்பு ஆகியவற்றிற்குப் பணமும் நேரமும் தேவை. ஆனால் உரிமத்திற்கு வெளியே செல்லும் பணம், இங்கு உள்ளூர் மனிதரின் திறனாக மாறுகிறது.

கேரளப் பள்ளிகளின் அனுபவம் இதற்கு எடுத்துக்காட்டு. 2001இல் தொடங்கப்பெற்ற ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017இல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. 2019இல் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் உபுண்டு அடிப்படையிலான இயங்குதளத்தை நிறுவ அது முனைந்தது. உரிமச் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. மென்பொருளோடு பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, மலையாளத்தில் கையேடு ஆகியவை சேர்ந்து வந்ததே அங்கு வெற்றியின் காரணம்.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் சுமார் 15,000 கணிப்பொறிகளை லினக்ஸிற்கு மாற்றிய அம்மாநகராட்சி, 2017இல் மீண்டும் விண்டோஸிற்குத் திரும்பத் தீர்மானித்தது. தலைமையின் ஆதரவு தொடராவிடில் நிறைவேறிய திட்டமும் தளர்ந்துவிடும் என்பது இதனால் விளங்கும்.

அரசு மின்னாளுகைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும், மூடிய மென்பொருளை நாடுவோர் காரணம் காட்டவேண்டும் என்றும் மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது. கொள்கை தாளில் இருப்பது மட்டும் போதாது. தலைமையாசிரியரும், ஊராட்சிச் செயலரும், நூலகரும் தத்தம் மேசையில் ஒரு பொறியைச் சோதனைக்கென ஒதுக்கி, ஒரு மாதம் அதில் தம் பணிகளைச் செய்து பார்க்க வேண்டும். அதன் முடிவைக் குறித்துவைத்து, பிறகு மற்றவற்றைப் பற்றித் தீர்மானிக்கலாம். கழிவுக் கிடங்கிற்குச் செல்லவிருந்த ஒரு கணிப்பொறி இன்னும் ஐந்தாண்டுகள் ஒரு கிராமத்து மாணவியின் கைக்கு எட்டுமாயின், அந்த ஒரு மாத உழைப்பு வீணன்று.