பழைய கணிப்பொறியும் புதிய மானிட்டரும்

1984-இல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ கணிப்பொறி. அதில் பிள்ளைகள் வரைந்த வட்டம் இன்றைய மானிட்டரில் முட்டையாகத் தெரிகிறதா? கணிப்பொறியில் கோளாறில்லை, மட்டாஞ்சேரி அன்பர்கள் அவசரப்பட்டு ஆக்ரிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம்.

அதன் படமுறைகளில் ஒன்று 320 புள்ளி அகலம், 256 உயரம். மானிட்டரோ 1920-க்கு 1080. திரை முழுதும் நிரப்பினால் அகலம் 6 மடங்கு, உயரம் 4.2 மடங்குதான். சில வரிகள் 4 கோடாகவும் சில 5 கோடாகவும் விழுந்து, எழுத்து பிசிறடிக்கும். இரண்டையும் சரியாக 4 மடங்காக்கினால் 1280-க்கு 1024. எழுத்து கத்தரித்தாற்போல் நிற்கும். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். (காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே என்பார்கள். வரட்டும்!) கன்வெர்ட்டர் வாங்குமுன், ‘இன்டிஜர் ஸ்கேலிங்’ உண்டா, 50 ஹெர்ட்ஸ் ஏற்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.